எண்ணெய்க்குப் பதம் பார்த்த கை

ஹப்சிகுடாவில் நம் சந்து முனையில் நின்ற வெள்ளை வேன் உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். பின்கதவு ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். பக்கத்தில் போனால் நெய்யும் ஏலக்காயும் மணக்கும். நமக்கெல்லாம் இப்போது நாற்பது வந்துவிட்டது. சந்திக்கும்போதெல்லாம் அந்த நாட்களைச் சொல்லிச் சிரிக்கிறோம். போன மாதம் ஒரு வீட்டு விசேஷத்தில், "உங்க அப்பா வேன் என்னாச்சு?" என்று யாரோ கேட்டீர்கள். நான் பாயசத்தைக் கிளறிக்கொண்டே, பழசாகிப் போய்விட்டது என்றேன். அது பொய். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். அதுவும் தமிழில் மட்டும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தது அது ஒன்றுதான்.

அப்பா கல்யாணச் சமையல்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்களுக்கு முன்பே தனியாக ஹைதராபாத் வந்து, தொழில் பிடித்துக்கொண்டு, பிறகு அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் வேலைக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்திறங்கிய காலம். மாதத்துக்கு நாலு புதுமனைப் புகுவிழா, இரண்டு வளைகாப்பு. அப்பா கைக்கு ஓய்வில்லை.

என்னைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனார்கள். தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது என்று ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, முழங்கால் பெஞ்சில் இடிக்க, ஒரு வாரம் உட்கார்ந்தேன். எட்டாம் நாள் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா அழுதாள். அப்பா என் வலது கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கை இருக்குல்லா, போதும்" என்றார்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் விட்டு, ஆறியதும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தி, மெல்லப் பிரிப்போம். ஒற்றை இழையாக நின்றால் ஒரு கம்பிப் பதம். அந்த இழை எவ்வளவு நீளம், எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் ஜாங்கிரியும் மைசூர்பாகும் இருக்கின்றன. எனக்கு அது எப்படியோ வாய்த்தது. கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். அடுப்படியில் இருந்த பெரிய ஆட்களே என்னைக் கூப்பிட்டுத்தான் சட்டியை இறக்குவார்கள். "எம்பிள்ளைக்கு விரல்ல நாக்கு இருக்கு" என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். வெளியே நான் ஒன்றாம் வகுப்பில்கூடத் தேறாதவன். அடுப்படியில் நான் சொன்னதுதான் முடிவு.

வேன் வந்தது அந்த வருடம்தான். அமெரிக்கா கிளம்பிய ஒரு கம்ப்யூட்டர்காரர் அவசரத்துக்கு விற்றார். இரண்டு வருடம் ஓடிய பெட்ரோல் வண்டி, ஜப்பான்காரன் எஞ்சின். கூடவே ஒரு ஆங்கிலப் புத்தகத்தையும் கொடுத்தார். வண்டியை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கம்பெனிக்காரன் போட்ட புத்தகம். வழவழப்பான தாள். அம்மா அதை மசாலா டப்பாக்களோடு வைத்திருந்ததால் கடைசிவரை அதில் சோம்பு வாசனை அடித்தது.

அதைப் படித்த ஒரே ஆள் நம் மெக்கானிக்தான். டயர் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருந்தாரே, அவர். முப்பது வயது இருக்கும், ஒல்லியாக, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா. பாட்டன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். அவர் பேசும் தமிழ் எங்களுக்குப் பாதி புதிதாக இருக்கும்; ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்கு கைக்கு என்று அந்த ஊர் இந்தி கலந்து வரும். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவார். வரிக்குக் கீழே விரலை ஓட்டி முணுமுணுப்பார். "நாளைக்குப் பரீட்சையா?" என்று டயர் கடைப் பையன்கள் கேலி செய்வார்கள். "பாஸ் ஆனா உங்க முதலாளியத்தான் முதல்ல ரிப்பேர் பண்ணுவேன்" என்பார் தலை நிமிராமல்.

எண்ணெய் மாற்றும் நாள் வந்தபோது அப்பாவோடு நானும் போனேன்.

"புக்குல பத்து டபிள்யூ முப்பதுன்னு போட்டிருக்கான் மாஸ்டர். நம்ம ஆளுங்க எது வந்தாலும் இருபது ஐம்பது ஊத்திடுவாங்க. இந்த எஞ்சினுக்கு அது நக்கோ."

"கெட்டியா இருக்குமா இது?"

"லேசா இருக்கும். அதான் வேணும். உள்ள சந்தெல்லாம் ரொம்பச் சின்னது. காலையில சாவி போட்டதும் எண்ணெய் சடார்னு மேல ஏறணும். கெட்டின்னா ஏறாது, இரும்பும் இரும்பும் உரசும்."

"லேசுன்னா வெலையும் லேசாத்தானே இருக்கும்?"

மெக்கானிக் சிரித்தார். "ஹவ்னு சொல்ல ஆசைதான் மாஸ்டர். கொஞ்சம் கூடத்தான் ஆகும்."

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சரி என்றார். மெக்கானிக் புது டப்பாவைத் திறந்து, புனல் வைத்து ஊற்றினார். மாலை வெயிலில் அது தேன் நிறத்தில் இறங்கியது இன்னும் கண்ணில் இருக்கிறது. எவ்வளவு ஊற்றினோம் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் குறித்து வைத்தார்.

இரண்டு நாள் கழித்து, தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், லாரி ஓட்டுகிறவர். போவன்பள்ளி மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு வருவார். அன்று அப்பா அந்த மார்க்கெட்டிலிருந்து வேன் நிறையக் காய்கறி ஏற்றிக்கொண்டு வர, பெரியப்பாவும் கூடவே வந்து இறங்கினார். இறங்கியதும் புது வண்டியைப் பார்க்கிறேன் என்று மூடியைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, விரலில் தேய்த்தார்.

"என்னலே இது, தண்ணி மாரி ஓடுது? எண்ணெயா, இல்ல மண்ணெண்ணெயக் கலந்து ஊத்திட்டானா?"

"புஸ்தகத்துல லேசாத்தான் போட்டிருக்குன்னு சொன்னான்."

"புஸ்தகமா ஓட்டுது வண்டிய? எஞ்சினுக்கு எண்ணெய்னா கெட்டியா பிடிச்சு நிக்கணும்லே. முப்பது வருசமா ஓட்டுதேன், எனக்குத் தெரியாதா?"

அப்பா முகம் மாறிவிட்டது. கூடுதல் விலை அப்போதே மனதில் இருந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டார். "ஏலே, வா. தொட்டுப் பாரு."

தொட்டேன். பிரித்தேன். இழையே இல்லை.

அப்படியே மூன்று பேரும் வேனில் ஏறிக் கொட்டகைக்குப் போனோம். நம் டிராவல்ஸ்காரர் அங்கே இருந்தார். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களைக் கூட்டிப்போக ஐந்து கார் வைத்திருந்தவர். அந்த ஐந்து காரையும் மாதாமாதம் பார்த்துக்கொள்ளும் வேலையை மெக்கானிக்கிடம் கொடுப்பதற்காகப் பேசிக்கொண்டிருந்தார். அதை நம்பி மெக்கானிக் மெயின் ரோட்டில் பள்ளம் தோண்டிய நல்ல ஷெட் ஒன்றுக்கு முன்பணமும் கட்டியிருந்தார். இது எங்களுக்கும் தெரியும். அவர்தான் போன வாரம் சந்தோஷமாகச் சொல்லி, அப்பாவிடம் பால்கோவா வாங்கிப் போனார்.

அப்பா இறங்கியதுமே கத்த ஆரம்பித்தார். டயர் கடைப் பையன்கள் வந்தார்கள். எதிர்வீட்டு மாமாக்கள் வந்தார்கள். "கைக்கு மாஸ்டர் இப்படிப் பேசுறீங்க? பாருங்க, நீங்களே பாருங்க" என்று மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, கீழ் நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் எண்ணெய் பிடித்தார். பிடித்தது எங்கள் எவர்சில்வர் கிண்ணத்தில். தயிர் வாங்க வேனில் வைத்திருந்த கிண்ணம். எண்ணெயோடு அதை அவர் கொடுக்கும்போதே பாத்திரம் சுட்டது. பிறகு அலமாரியிலிருந்து அதே எண்ணெயில் முத்திரை உடைக்காத டப்பா ஒன்றை எடுத்து எல்லார் கண் முன்னாலும் திறந்தார்.

"இது கம்பெனி சீல். ரெண்டையும் பாருங்க. ஒண்ணுதான்."

"நான் பாக்க வேண்டாம். எம்பிள்ள பாப்பான்" என்றார் அப்பா.

டப்பா எண்ணெயை முதலில் தொட்டேன். விரலைப் பிரித்ததும் ஒரு நெல் நீளத்துக்கு இழை நின்று அறுந்தது. கிண்ணத்து எண்ணெயைத் தொட்டேன். சூடாக இருந்தது. ஒன்றும் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு ஓடியது.

"ரெண்டும் ஒரே எண்ணெயாலே?"

அத்தனை பேரும் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்த ஊர் அது. அந்த ஊரில் பெரியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் என் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று காத்து நின்றார்கள். எனக்கு உள்ளே இனித்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, இனித்தது.

"இல்ல" என்றேன்.

"மாஸ்டர், அது சூடு! இப்பத்தான் போவன்பள்ளியில இருந்து ஓட்டிட்டு வர்றீங்க. ஆறட்டும், அப்புறம் பாக்கச் சொல்லுங்க" என்றார் மெக்கானிக்.

"ஆறட்டும், ஆறட்டும்னு கூட்டத்தக் கலைக்கப் பாக்கான்" என்றார் பெரியப்பா. "ஆறினா மண்ணெண்ணெய் தேனாயிருமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். டிராவல்ஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பையன் பொய் சொல்ல மாட்டானுங்க. நம்ம விசயத்தை அப்புறம் பேசிக்கலாம்" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். மெக்கானிக் இரண்டடி காருக்குப் பின்னால் போய்விட்டு நின்றுவிட்டார்.

அந்தக் கிண்ணத்தை அப்பா சாட்சிக்கு என்று வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படிப் பலகையில் வைத்தார். பிறகு வேலை நெருக்கடியில் மறந்துவிட்டார். தீபாவளிப் பலகாரம், ஆட்கள் எல்லாம் மண்டபத்தில். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அன்று சாயங்காலம் நான் தனியாக இருந்தேன்.

பாகை யாரும் சூட்டில் பார்ப்பதில்லை. சூட்டில் பார்த்தால் பதம் தெரியாது. அடுப்படிக்கு வந்த முதல் வாரம் நான் கற்றது அது. அது எண்ணெய்க்கும் உண்டா என்று அந்த மத்தியானம் எனக்குத் தோன்றியதா இல்லையா என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். தோன்றியது என்றுதான் நினைக்கிறேன். தோன்றாவிட்டால் எதற்காகப் பலகையில் இருந்த கிண்ணத்தை எடுத்தேன்?

கிண்ணம் சில்லென்று இருந்தது. விரலை விட்டேன். அழுத்தினேன், பிரித்தேன். ஒரு நெல் நீளம். நின்று அறுந்தது. மறுபடி பார்த்தேன். ஒரு நெல் நீளம்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். மெக்கானிக் நின்றார். சட்டை மாற்றி, தலை சீவி வந்திருந்தார். ஏதோ பெரிய மனிதரைப் பார்க்க வந்ததுபோல.

"தம்பி, மாஸ்டர் இல்லையா?"

தலையாட்டினேன்.

"அந்தக் கிண்ணம் இருக்கா? இப்ப ஆறியிருக்கும். நீ ஒரு தடவ பாரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீயே பாத்துச் சொல்லு. நீ சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

கிண்ணம் எனக்குப் பின்னால், மாவுப் பாத்திரத்துக்கு மறுபக்கம் இருந்தது. "கொட்டிட்டேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் வலது கையைப் பார்த்தார். இரண்டு விரலிலும் தேன் நிறத்தில் எண்ணெய் மின்னிக்கொண்டிருந்தது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து எடுத்திருக்கலாம், நாலெட்டுத்தான். வரவில்லை. "சரி தம்பி" என்று சொல்லிப் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் உண்மையில் கொட்டினேன். பின்பக்கச் சாக்கடையில் அது வானவில் மாதிரிப் பரவி, போகவே மாட்டேன் என்று நின்றது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன்.

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. அம்மா வேறு மாதிரி நினைத்துக்கொண்டாள். "அத்தன பேரு முன்னால பிள்ளையக் கைய நீட்டச் சொன்னா கண்ணு படாதா?" என்று அப்பாவைத் திட்டிவிட்டு, உப்பும் மிளகாயும் எடுத்து என் வலது கையை மட்டும் மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வரவில்லை. "பாத்தியா, எவ்வளவு கண்ணு" என்றாள். நான் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டேன். உடம்பு சரியில்லாத பிள்ளை என்று இரண்டு நாள் எனக்குப் பாலும் ரஸ்க்கும் கிடைத்தன.

பெரியப்பா போவதற்கு முன் தன் லாரியிலிருந்து கெட்டி எண்ணெய் கொண்டுவந்து, அதில் கியர் பெட்டிக்கு ஊற்றும் எண்ணெயையும் கலந்து வேனில் ஊற்றினார். லேசான எண்ணெயைத் தரையில் வடித்துவிட்டார்கள். என்னைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். விரல் அகலத்துக்கு இழை நின்றது. அதிரசப் பாகு மாதிரி. "இதுலே எண்ணெய்!" என்றார் அப்பா.

தீபாவளி முடிந்து மார்கழி வந்தது. ஹைதராபாத் மார்கழிக் குளிர் உங்களுக்குத் தெரியும். நம் ஊரில் இல்லாத குளிர். காலையில் வேனைக் கிளப்பினால் உள்ளே யாரோ கரண்டியால் தட்டுவதுபோல டக் டக்கென்று கேட்கும். கொஞ்ச தூரம் போனால் அடங்கும். நாளாக ஆக, அடங்க நேரமானது. "குளிருக்கு அப்படித்தான்" என்றார் அப்பா. எனக்கு மட்டும் ஒவ்வொரு காலையும் அந்தச் சத்தம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருந்தது.

ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் தமிழ்க் குடும்பங்கள் நடத்திய பஜனைக்குப் பொங்கல் கொண்டுபோனோம். விடிந்து பனி விலகாத நேரம். டவுன்ஷிப்புக்குக் கொஞ்சம் முன்னால் டக் டக் சத்தம் பெரிதாகி, கிறீச்சென்று ஒரு சத்தம் வந்து, எல்லாம் நின்றது. அண்டாவில் பொங்கல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தொழிற்சாலைப் பேருந்துகள் எங்களைத் தாண்டிப் போயின. பஜனைக்காரர்கள் ஸ்கூட்டரில் வந்து அண்டாவை எடுத்துக்கொண்டார்கள். வேனைப் பக்கத்தில் இருந்த ஒரு ஷெட்டுக்குத் தள்ளினோம்.

ஷெட்டுக்காரர் வயதானவர், தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழ். எஞ்சின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கீழ் நட்டைத் திறந்தார். எண்ணெய் சொட்டுச் சொட்டாகக்கூட வரவில்லை. வெல்லப்பாகு மாதிரி இழுபட்டுத் தொங்கியது.

"யாருய்யா இதுல கியர் எண்ணெய ஊத்துனது? இந்தக் குளிர்ல இது எப்படி மேல ஏறும்? பாரு, மேல ஒரு சொட்டு ஈரம் இல்ல. காய்ஞ்சு உரசி ஒட்டிக்கிட்டிருக்கு. இந்த வண்டிக்குப் பத்து முப்பது ஊத்தணும்."

"அது தண்ணி மாரி இருந்துச்சுங்க. கலப்படம்" என்றார் அப்பா. நடந்ததைச் சொன்னார்.

"எப்பப் பாத்தீங்க? ஓட்டிட்டு வந்த சூட்டிலயா?"

ஷெட்டுக்காரர் டப்பாவிலிருந்து கொஞ்சம் புது எண்ணெயை எங்கள் கரண்டியிலேயே ஊற்றி, டீ போடும் ஸ்டவ்வில் லேசாகக் காட்டி, அப்பா முன்னால் நீட்டினார். "இப்பத் தொடுங்க. முதல் நம்பர் குளிருக்கு, ரெண்டாவது நம்பர் சூட்டுக்கு. எந்த எண்ணெயும் சூட்டுல லேசாத்தான்யா ஆவும். நீங்க சமையக்காரர். எண்ணெய்ச் சட்டியில பாத்ததில்லையா?"

அப்பா தொட்டார். விரலைப் பிரித்தார். இழை நிற்கவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் எங்களுக்கு நடுவே காலி அண்டா. பாதி வழியில் அப்பா கேட்டார்.

"அந்தக் கிண்ணத்த என்னலே பண்ணின?"

"கொட்டிட்டேன்."

"ஆறின பொறவு தொட்டுப் பாத்தியா?"

சொல்லியிருக்கலாம். அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஆட்டோ சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. "இல்ல" என்றேன்.

"நீ என்ன செய்வ, சின்னப் பிள்ள. எனக்குல்லா தெரிஞ்சிருக்கணும்" என்று என் தோளில் கை போட்டுக்கொண்டார். அந்தக் கையின் கனம் இன்னும் இருக்கிறது.

வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக டிராவல்ஸ்காரர் அலுவலகத்துக்குப் போய் அவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். அலமாரியில் பாதி காலியாக இருந்தது. தமிழ் வீட்டு வண்டிகள் ஒன்றுகூட இல்லை. மெக்கானிக் ஒரு மொபெட்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்தார். டயர் கடைப் பையன்கள் வந்தார்கள். அன்று சிரித்த மாமாக்களில் சிலரும் வந்தார்கள்.

அப்பா எல்லார் முன்னாலும் கை கூப்பினார். "தப்பு எம்மேலதான் தம்பி. சூட்டுல பாத்துட்டேன். நீ சொன்னதக் கேக்கல. எஞ்சினே போச்சு. மன்னிச்சிரு." பிறகு டிராவல்ஸ்காரரிடம் திரும்பி, "இவரு நல்ல எண்ணெய்தான் ஊத்தினாருங்க. உங்க வண்டிய இவருக்கே குடுங்க" என்றார்.

டிராவல்ஸ்காரர் யோசித்தார். "மாஸ்டர், உங்க மனசு எனக்குத் தெரியுமுங்க. ஒருத்தன் பொழப்புப் போகுதேன்னு பழிய உங்க தலையில போட்டுக்கறீங்க. இன்னொரு ஷெட்டுல இன்னொரு எண்ணெயச் சுட வெச்சுப் பாத்தீங்க. இவரு ஊத்துன எண்ணெய் என்னன்னு அதுல எப்படித் தெரியுமுங்க?" பிறகு குனிந்து என்னைப் பார்த்தார். "தம்பி, அன்னைக்கு உன் கைய நம்பித்தான் நான் போனேன். அந்தக் கிண்ணம் உங்க வீட்டுலதானே இருந்துச்சு? ஆறுனதுக்கப்புறம் நீ தொட்டுப் பாத்தியா? கம்பி வந்துச்சா? நீ சொல்லு போதும். இப்பவே அஞ்சு வண்டியும் கொண்டாந்து நிறுத்தறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். பார்த்தேன் என்று சொன்னால், ஆட்டோவில் அவரிடம் சொன்னது பொய். பொய் என்றால் அதற்கு முன் சொன்னதும் பொய். மெக்கானிக் என்னை முகத்தில் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். அன்று சாயங்காலம் பார்த்த மாதிரியே.

நான் தரையைப் பார்த்தேன். எண்ணெய் ஊறிக் கறுத்த மண். அதில் ஒரு நட்டு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா, "சொல்லுலே" என்றார். டிராவல்ஸ்காரர், "பயப்படாதே கண்ணு" என்றார்.

கடைசியில் மெக்கானிக்தான் பேசினார். "விடுங்க சார். கைக்கு அவனப் போட்டு... சின்னப் பையன். கூச்சப்படறான்."

அவருக்குத் தெரியும். அங்கே இருந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். என் விரலில் இருந்த எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தாரா, எனக்கு அடி விழும் என்று நினைத்தாரா, தெரியவில்லை.

"சரிங்க" என்று டிராவல்ஸ்காரர் நிமிர்ந்தார். கார்கள் வரவில்லை. பொங்கலுக்கு முன் கொட்டகையைப் பிரித்து விட்டார்கள். மெயின் ரோட்டு ஷெட்டை வேறு யாரோ எடுத்துக்கொண்டார். மெக்கானிக் போவன்பள்ளி பக்கம் ஒரு லாரி ஷெட்டில் தினக்கூலிக்கு இருப்பதாக அப்பா கேள்விப்பட்டு இரண்டு முறை தேடிப் போனார். இரண்டு முறையும் என்னைக் கூப்பிட்டார். நான் வயிற்றுவலி என்றேன். வேன் நம் சந்து முனையிலேயே ஆறு மாதம் நின்று, பிறகு காயலான் கடைக்குப் போனது. அப்பா நாலு வருடம் முன்பு போய்விட்டார். அவசரப்பட்டு ஒருவன் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் அப்பா பிடித்துக்கொண்டார். என்னைப் பற்றி யார் கேட்டாலும் கூச்ச சுபாவம் என்பார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அதையே சொன்னார். அவர்களும் நல்ல குணம் என்று சந்தோஷப்பட்டார்கள். இப்போது நீங்களும் சொல்கிறீர்கள், அன்பாகத்தான். சாப்பாடு முடிந்து என்னை மேடைக்குக் கூப்பிடுவீர்கள். நான் வர மாட்டேன். "விடுங்கப்பா, அவன் கூச்சப்படுவான்" என்று உங்களில் ஒருவர் சொல்வீர்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவீர்கள்.

இனி அப்படிச் சொல்லாதீர்கள். அன்று நான் சொல்ல வேண்டியிருந்தது, பார்த்தேன், வந்தது என்ற இரண்டே வார்த்தை. அதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு வாய் இருந்தது.